தட்சிணாமூர்த்திக்குக் கேட்காத சத்தம்

தட்சிணாமூர்த்தி அண்ணனை நான் முதன்முதலில் பார்த்த அன்றைக்கே அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

விழுப்புரத்தில் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தேன். கேம் ஆடுவதற்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும், ஆனால் ஓடுகிற சத்தம் கேட்கக் கூடாது என்றேன். இரண்டு கடையில் சிரித்தார்கள். மூன்றாவது கடைக்காரர், “திண்டிவனத்துல ஒருத்தரு இருக்காரு. கொஞ்சம் கிறுக்கு. அவராண்ட போய்ப் பாரு” என்றார்.

சத்தம் போடாத கம்ப்யூட்டரைக் கேட்டதற்குக் காரணம் என் வேலை. எங்கள் ஊரான கெடாரில், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பெங்களூர் நிறுவனம் ஒன்று, இன்னும் வெளியே வராத கேம்களை எனக்கு அனுப்பும். நான் வீட்டிலிருந்தே ஆடிப் பார்த்து, ஒலியில் உள்ள பிழைகளை எழுதி அனுப்ப வேண்டும். காலடிச் சத்தம் தாமதமாக வருகிறதா, கதவைச் சாத்தினால் மழைச் சத்தம் குறைகிறதா, இப்படி. பழைய கம்ப்யூட்டர் மிக்சி போல இரைந்தது. அந்த இரைச்சலில் இரண்டு பிழைகளைத் தவறவிட்டு, மேலாளரிடம் பேச்சு வாங்கியிருந்தேன். தெருவில் “டிகிரி முடிச்சுட்டு கேம் ஆடிக்கினு கெடக்குறான்” என்று சொல்வார்கள். மாதா மாதம் சம்பளம் வருவது தெரிந்த பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

திண்டிவனத்தில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் அவர் கடை. கட்டம் போட்ட சட்டை, நாற்பத்தேழு வயது. இணையத்தில் தேடித் தேடி நான் தயாரித்த பட்டியலைக் கொடுத்தேன். பேனாவை எடுத்து அதில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்.

“இது இன்னா, தண்ணி ஓடுற கூலரா?”

“ஆமாண்ணே. அதான் டாப்பு.”

“தண்ணி ஓடணும்னா பம்பு ஓடணும். உங்க கொல்லையில பம்பு சத்தம் போடாமத்தான் ஓடுதா?” அடித்தார். “இது பஞ்சு ஒட்டுன பெட்டி. சத்தம் வெளிய வராது, சரி. அனலு மட்டும் வெளிய வருமா? அவனுங்க இருவது டிகிரி ரூம்ல வச்சு டெஸ்ட் பண்ணி எழுதுறானுங்க. அக்னி நட்சத்திரத்துல உங்க ரூம்ல எத்தினி டிகிரி?”

எனக்குத் தெரியவில்லை. “நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ணே” என்றேன்.

“நல்லது. படிச்ச புள்ளைக்கு அளக்கத் தெரியும். அளந்துகினு வா.”

பட்டியலைப் பிடுங்கிக்கொண்டு, “வேற கடையே இல்லியா ஊர்ல?” என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். ஆனாலும் அளந்தேன். பகல் இரண்டு மணிக்கு என் அறையில் முப்பத்தெட்டு டிகிரி. அடுத்த வாரம் அந்த எண்ணோடு திரும்பவும் மாடி ஏறினேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கு அவர் சொன்னதெல்லாம் எனக்குப் பாடம் போலப் புரிந்தது. சின்ன ஃபேன் ஜல்தியாகச் சுற்றினால்தான் காற்று வரும். பெரிய ஃபேன் சும்மா அசைந்தாலே போதும். அதனால் முன்பக்கம் முழுக்க வலையாக இருக்கும் பெட்டி, அதில் உள்ளங்கையைவிடப் பெரிய ஃபேன்கள். பிராசசரின் சூட்டை இழுக்கச் செங்கல் அளவில் ஓர் அலுமினிய கூலர். பவர் சப்ளை தேவையைவிட ஒன்றரை மடங்கு பெரியது. பாதிச் சுமையில் ஓடும்போது அதன் ஃபேன் சுற்றாமலே நிற்கும். கிராபிக்ஸ் கார்டு மட்டும் நான் கேட்டதையே ஒப்புக்கொண்டார். கலர் கலராக எரியும் விளக்குகளைக் கேட்டதற்கு, “கல்யாண மண்டபமா வைக்கப்போற?” என்றார்.

ஒவ்வொரு ஃபேனையும் மாட்டுவதற்கு முன் இரண்டு விரலால் பிடித்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்து எலும்பில் வைத்துப் பார்ப்பார். ஆறு ஃபேன்களில் இரண்டைத் திருப்பி அனுப்பினார். எனக்கு ஆறும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

அவருக்குச் சொந்த ஊர் முகையூர் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு ஓர் அரிசி ஆலையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தார். அங்கே இரைச்சலில் சைகையால்தான் பேசிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஆலை ஓடுமாம். கல்யாணமாகித் திண்டிவனம் வந்ததும் பிரவுசிங் சென்டர் ஒன்றில் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டு தனிக் கடை போட்டார். “சத்தத்த கண்டாலே எனக்குப் பேஜாரு தம்பி. அதான் சத்தம் போடாத மிசினு மட்டும் செய்றேன்” என்றார். அவருடைய பில்லின் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: ‘சத்தம் வந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளப்படும்.’ அந்த வரியை நம்பித்தான் பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று சொல்லியிருந்தார்.

என் கம்ப்யூட்டரைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அவரே கெடாருக்குக் கொண்டுவந்து மாட்டினார். அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “எப்ப ஓடும்?” என்று கேட்டார். அது ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஒரு கேமின் மெனுவைத் திறந்தபோது, மெல்லிய கம்பி போல ஒரு ‘கீ...’ கேட்டது. மெனுவை மூடினால் நின்றது. திறந்தால் வந்தது. பக்கத்து அறையிலிருந்து என் தங்கை துர்கா, “அண்ணா, உன் ரூம்ல கொசு கத்துது, அடி” என்றாள். தட்சிணாமூர்த்தி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்.

பெட்டியைத் திறந்தார். ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். காதை வைத்தார், கன்னத்தை வைத்தார், விரலை வைத்தார்.

“ஒண்ணும் இல்லியே தம்பி.”

“இப்ப வருதுண்ணே. கேளுங்க.”

“எங்க வருது? உன் காதுல குளவி எதுனா பூந்துக்கிச்சா?”

“எனக்கும் கேக்குதுண்ணே” என்றாள் துர்கா.

“அண்ணனுக்கு ஏத்த தங்கச்சி.”

அம்மா வேர்க்கடலையை, எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம், அவித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். “எனக்குந்தாங்க கேக்குது. ஆனா ரொம்ப சன்னமாத்தான். உட்டுத் தள்ளுங்க, எதுக்கு இதுக்குப் போய்...” என்றார்.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. “குடும்பமா சேந்துக்கினு சொல்றீங்களா? பில்லுல எழுதியிருக்கேன்னு மிசின திருப்பிக் கட்டப் பாக்குறியா தம்பி?”

எனக்கும் கோபம் வந்தது. போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். ஒலியைக் கோடாக வரைந்து காட்டும், என் வேலைக்காகப் போட்டது. அதைப் பெட்டியின் பக்கத்தில் வைத்து மெனுவைத் திறந்தேன். பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்துக்கு மேல் ஒரு மஞ்சள் கோடு எழுந்தது. மூடினேன். விழுந்தது.

“இன்னொரு தபா பண்ணு.”

பண்ணினேன். பிறகு மவுஸை அவரே வாங்கிக்கொண்டார். திறந்தார், மூடினார். கோடு எழுந்தது, விழுந்தது. ஏழெட்டுத் தடவை. அப்புறம் மவுஸை வைத்துவிட்டு மனைவி தேவயானிக்குப் போன் போட்டார். அண்ணி பேசினால் அந்தத் தெருவுக்கே கேட்கும், எங்களுக்கும் கேட்டது.

“எனக்குக் காது கேக்குதா தேவயானி?”

“இது இன்னா கேள்வி? போன மாசம் புள்ளைக்குக் காய்ச்சல் அடிச்சப்ப, தெர்மாமீட்டரு கீ கீன்னு அடிக்குது எடுங்கன்னு எத்தினி வாட்டி கத்துனேன்? எங்க அடிக்குதுன்னு அது வாயிலயே வச்சிக்கினு உக்காந்திருந்தீங்களே!”

போனை வைத்தார். ஒரு மல்லாட்டையை உரித்தார், வாயில் போடவில்லை. சத்தமில்லாத மிஷின் செய்கிறவருக்குச் சத்தம் கேட்கவில்லை. ‘இது சகஜம் தம்பி, எல்லா கிராபிக்ஸ் கார்டுலயும் வரும்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். கார்டு செய்யும் கம்பெனிகளே அப்படித்தான் சொல்கின்றன. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் மின்சாரத்தில் அதிர்வதால் வரும் ஓசை. ஒரே மாடலில் ஒரு கார்டில் வரும், அடுத்ததில் வராது. அதைப் பழுதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அவர் இன்னொரு போன் போட்டார்.

“டேய் பிரவீனு, நான் மூர்த்தி பேசுறேன். போன வருசம் மிசின்ல கொசு சத்தம் வருதுன்னு வந்தியே... ஆமா... காதுல அழுக்கு இருக்கும், போய் எடுடான்னு தொரத்துனேன்ல... அழுக்கு என் காதுலதான்டா... இல்லடா, குடிக்கல. காலையில எவன்டா குடிப்பான்? நாளைக்கு வர்றேன், வூட்ல இரு.”

பிறகு என்னிடம், “மொதல்ல அவனுக்குத்தான் மாத்துவேன். அவன் ஒரு வருசமா ஹெட்போன மாட்டிக்கினு ஆடிக்கினு இருக்கானாம். நீ கொஞ்சம் பொறுத்துக்கோ” என்றார்.

சரி என்றேன்.

பிரவீன்குமாருக்கு மாற்றிய பத்தாம் நாள் எனக்கும் வேறு கார்டு வந்தது. இரண்டுக்கும் அண்ணனின் கைப்பணம்தான், டீலர் எதிர்பார்த்தபடியே திருப்பி வாங்க மறுத்துவிட்டார். இந்தமுறை மாட்டுவதற்கு முன் அண்ணன் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். மத்தியானம் கதவு, ஜன்னலெல்லாம் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்வை ஒழுக மூன்று கார்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். அவர் போனில் கோட்டைப் பார்த்தார். நான் காதால் கேட்டேன். மூன்றாவது கார்டில் கோடும் இல்லை, சத்தமும் இல்லை. கூடவே மெனுவில் படம் தேவையில்லாமல் நொடிக்கு ஆயிரம் தடவை ஓடாதபடி ஒரு வரம்பும் வைத்துக் கொடுத்தார்.

திரும்பி வந்த கார்டுகளில் ஒன்றை, கீச்சிடும் என்று சொல்லியே ஒருவருக்கு விற்றார். இன்னொன்றைத் தன் கடை கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டார்.

“ஏண்ணே?”

“எனக்குத்தான் கேக்காதே!”

“எனக்குக் கேக்குதுங்க” என்றார், பக்கத்து மேசையில் பில் போட்டுக்கொண்டிருந்த தேவயானி அண்ணி.

விழுப்புரத்தில் காது டாக்டரிடம் அண்ணனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். தாழ்ந்த ஓசையெல்லாம் சரியாக இருந்தது. கன்னத்தில் வைத்து அண்ணன் பார்க்கும் ஃபேன் இரைச்சல் எல்லாம் அந்தப் பக்கம். மேலே போகப் போகக் கோடு கீழே சரிந்தது. எத்தனை வருடம் ஆலையில் இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். போன கேட்கும் திறன் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காதுக்கு மிஷின் எழுதிக் கொடுத்தார்.

தட்சிணாமூர்த்தி அண்ணன் இப்போதும் அதே மாடியில்தான் இருக்கிறார். மாதத்துக்கு இரண்டு, மூன்று கம்ப்யூட்டர் செய்கிறார். வாங்குகிறவர் வீட்டில் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு கடைக்கு வந்து, சாத்திய அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் பில் போடுகிறார். பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் போன் போட்டுக் கேட்டதில் இன்னும் ஒருவருக்குக் கார்டு மாற்ற வேண்டியிருந்தது; மாற்றிவிட்டார். காது மிஷின் இன்னும் வாங்கவில்லை.