டிவிக்கு ஊதா உறை தைத்த வருஷம்

இந்த வருஷம் எங்கள் கோயிலில் சுரூபங்களைப் போர்த்துவதற்குப் புதுத் துணி எடுத்திருந்தார்கள். மாதா, சூசையப்பர், அந்தோணியார் எல்லோரையும் பெரிய வாரத்தில் ஊதாத் துணியால் மூடிவைப்பது வழக்கம். ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் முகம் நமக்குத் தெரியாது. பழைய துணி சாயம் போய்க் கத்தரிக்காய்த் தோல் மாதிரி ஆகிவிட்டது. அதனால் தாம்பரம் மார்க்கெட்டில் புதிதாக வாங்கிவந்து, கட்டிவிட என்னை ஏணியில் ஏற்றினார்கள். அந்தோணியார் தலைக்கு மேல் துணியை விரித்ததும் கஞ்சி வாடை குப்பென்று அடித்தது. எனக்குக் காது மடல் இரண்டும் சூடாகிவிட்டன. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி இறங்கிவந்து, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். கோயிலுக்குள் நின்று பொய் சொன்னது வேறு.

அந்தக் கஞ்சி வாடை என் இருபது வயதின் வாடை. பத்தாவதோடு நான் படிப்பை விட்டேன். படிப்புதான் அவனை விட்டது என்பார் அப்பா. சானடோரியம் பக்கத்தில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் மெஷினில் உட்கார்ந்தேன். அங்கே ஒருவர் கை தைப்பார், இன்னொருவர் பை வைப்பார். எனக்குக் காலர். வருஷக்கணக்கில் காலர் தைத்தேன். முழுச் சட்டை ஒன்று தைக்க எனக்கு இன்று வரை தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை டெய்லர் என்று சொல்லி, அவர்கள் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து நீட்டி, அது தனிக் கதை.

எங்கள் வீட்டில் பெரிய வியாழன் சாயங்காலத்திலிருந்து ஈஸ்டர் பூசை முடியும்வரை டிவி போடமாட்டோம். அம்மா ஒரு பழைய புடவையை மடித்து அதன்மேல் போட்டுவைப்பார். அந்த வருஷம் கம்பெனியில் கழித்த துணியில் ஊதா நிறத்தில் நல்ல துண்டு ஒன்று கிடைத்தது. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, டிவிக்கு அளவெடுத்து, கீழே எலாஸ்டிக் வைத்து ஓர் உறை தைத்தேன். ஓரத்தில் என்னையறியாமல் கை காலராகவே மடித்துவிட்டது. காலர் வைத்த டிவி உலகத்தில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்திருக்கும். அப்பா பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “கோயிலு மாதிரியே கீதுடா” என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் அந்த டிவிக்கு எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது கோவளத்துக்குச் சற்று வடக்கே ஒரு குப்பத்தில். ரயில்வே ஷெட்டில் பிட்டர் வேலை கிடைத்துத் தாம்பரம் வந்துவிட்டார். அவருடைய தம்பி சவரிமுத்து, என் சித்தப்பா, கடலோடேயே இருந்துவிட்டார். அப்பாவுக்குச் சின்ன வயதில் கட்டுமரத்தில் ஏறினாலே வாந்தி வருமாம். குப்பத்தில் அதைச் சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களே சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் உப்புக் காற்றில் அங்கே ரேடியோ உழைக்காது. டிவி இருந்த ஒன்றிரண்டு வீடுகளிலும் செய்தி நேரம் பார்த்துக் கரண்ட் போகும். அதனால் தினமும் மாலைச் செய்தியின் கடைசியில் வானிலை சொன்னதும், அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து டெலிபோனைச் சுழற்றுவார். குப்பத்து முனையில் பாய் டீக்கடையில் மணி அடிக்கும். சித்தப்பா அங்கே பெஞ்சில் காத்திருப்பார்.

“இன்னாண்ணா, கடலு எப்டி கீது?”

“சாதுவா கீதுடா. தென்காத்து கொஞ்சம் இருக்குமாம். போய்ட்டு வா.”

“கண்ணெதுர்ல கடல வெச்சிகினு உங்க தம்பி உங்களக் கேக்குறாரே” என்று அம்மா கிண்டல் செய்வார்.

“இன்னிக்கிக் கடலு அவனுக்குத் தெரியும். நாளைக்கிக் கடலு எனக்குத்தான்டி தெரியும்” என்பார் அப்பா.

வாந்தி எடுத்த பையனைக் கேட்டுக்கொண்டு ஒரு கட்டுமரம் கடலில் இறங்குகிறது. அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நாள் முழுக்க எண்ணெய்க் கறையில் கிடந்துவிட்டு வரும் மனுஷர், அந்த ஒரு போனுக்கு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பார்.

நான் உறை தைத்த வருஷம், புதன்கிழமை வானிலையில் கடல் நன்றாக இருக்கும் என்றார்கள். அப்பா அதைச் சொல்லிவிட்டு, “இனிமே ஈஸ்டர் முடிஞ்சிதான்டா, டிவியப் போத்தப் போறோம்” என்று வைத்துவிட்டார். பெரிய வெள்ளி அன்று குப்பத்தில் யாரும் கடலில் இறங்கமாட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலையில் இறங்குவார்கள். மறுநாள் ஈஸ்டர், தவக்காலம் முழுக்கக் கவிச்சி தொடாத வீடுகள் எல்லாம் மீனுக்குக் காத்திருக்கும். எங்களுக்கும் சித்தப்பாதான் வஞ்சிரம் கொண்டுவந்து தருவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிலுவைப்பாதை முடிந்து வந்து வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. காசு போட்டுச் சித்தப்பாவே பேசினார். பேச்சு எங்களுக்கே கேட்டது, அப்படிக் கத்துவார்.

“ண்ணா, கருக்கல்ல எறங்கலாம்னு கீறோம். நானும் மாப்ளயும். காத்து ஒரு மாதிரி கீது. டிவில இன்னா சொன்னான்?”

அப்பா திரும்பி டிவியைப் பார்த்தார். ஊதா உறைக்குள் அது அமைதியாக இருந்தது.

“ஒரு நிமிஷம் தொறந்து பாத்துட்டு மூடிடலாமேங்க” என்றார் அம்மா, மெதுவாக.

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார். “ஆண்டவரு கல்லறையில கீறாரு. உனக்கு டிவி கேக்குதா?” கையை எடுத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: “புதங்கெழம சொன்னதுதான்டா. ஒண்ணும் மாறல. போய்ட்டு வா.”

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்த நிமிஷம் அப்பாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் தெருவில் இப்படி ஒரு பக்தியான வீடு உண்டா என்று நினைத்துக்கொண்டு கஞ்சியைக் குடித்தேன்.

சனிக்கிழமை பத்து மணி வாக்கில் தெருப் புழுதி எழுந்தது. கொடியில் கிடந்த துணிகள் பக்கத்து மனைக்குப் பறந்தன. முருங்கையில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. எதிர்வீட்டு பாங்க் சார் ஜன்னலைச் சாத்த வந்தவர், அங்கிருந்தே கேட்டார்:

“என்ன சார், நியூஸ்ல சொன்ன மாதிரியே காத்து வந்துடுச்சு பாருங்க. மீனவங்க யாரும் போகவேண்டாம்னு நேத்தே சொன்னாங்களே. உங்க தம்பிக்குச் சொல்லிட்டீங்கல்ல?”

சொல்லியிருப்போம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அப்பா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான் மாறிப் போட்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வண்டலூர் போய் கேளம்பாக்கம் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் பனைமரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. அப்பா கையில் செபமாலை இருந்தது, ஆனால் மணி நகரவில்லை. ஒரே மணியைப் பிடித்துக்கொண்டே கேளம்பாக்கம்வரை வந்தார்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் எல்லோரும் மணலில் நின்றிருந்தார்கள். இறங்கிய கட்டுமரங்களில் மற்றவையெல்லாம் தட்டுத் தடுமாறித் திரும்பிவிட்டன. சித்தப்பாவின் மரம் மட்டும் வரவில்லை. சித்தி மரியபுஷ்பம் ஈரப் புடவையோடு அலை ஓரத்தில் நின்றார். மகள் ஸ்டெல்லா உட்கார்ந்து மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் அந்த மரத்தில்தான் போயிருந்தான். தேடப் போன போட் ஒன்று அலையைத் தாண்ட முடியாமல் திரும்பிவந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். “வாங்க பெரியவரே! இன்னா சொல்லிச்சு உங்க டிவி?”

அப்பா நின்றார். ஏதாவது சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன், சொல்ல வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். தாம்பரத்தில் கரண்ட் இல்லை என்றால் யாருக்குத் தெரியும்?

“பாக்கல” என்றார் அப்பா. “போத்தி வெச்சிருந்தேன்.”

“இன்னாத்த?”

“டிவிய. பெரிய வாரம்னு, ஊதாத் துணி போட்டு…”

யாரோ ஒரு பெண் பொங்கி வந்த சிரிப்பை முந்தானையால் அடைத்தாள். அது அழுகையில் போய் முடிந்தது. நான் தரையைப் பார்த்தேன். என் கையில் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலவே இருந்தது.

சித்தி திரும்பாமலே பேசினார். “சாமியப் போத்துவாங்க மாமா. நாங்களுந்தான் போத்துறோம். காத்த யாரு போத்துவாங்க?”

யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. மணலில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு செபம் சொல்லப் பார்த்தேன். உம்மைச் சாக்கு வைத்துத்தானே ஆண்டவரே இதைச் செய்தோம், எந்த முகத்தோடு உம்மிடம் கேட்பது?

பொழுது சாயும் நேரத்தில் பாய் கடையிலிருந்து கைலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “கரை சேந்துட்டாங்கோ! நீலாங்கரையாண்ட! போன் வந்திச்சு!” காற்று அவர்களை வடக்கே தள்ளிக்கொண்டுபோய், மரம் உடைந்து, உடைந்த கட்டையைப் பிடித்துக்கொண்டே ஒதுங்கியிருக்கிறார்கள். வலை போயிற்று. மாப்பிள்ளைக்குத் தோள் இறங்கியிருந்தது. ஒரு மணல் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

லாரியிலிருந்து இறங்கிய சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். “நீ எப்ப வந்தே ண்ணா? சாப்டியா?”

அப்பா அவர் கையைப் பிடித்தார். சித்தப்பா மெல்ல உருவிக்கொண்டார். “கவுறு அறுத்துச்சு. எரியிது” என்றார். உள்ளங்கை தோலுரிந்துதான் இருந்தது.

ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டில் சாம்பார் வைத்தார்கள். திங்கட்கிழமை மாலைச் செய்தி முடிந்ததும் அப்பா போன் செய்தார். “இப்பதான் எழுந்து போனாரு” என்றார் பாய். மறுநாளும் அதுவே. அந்த வாரம் முழுக்க அதுவே. அப்பா, “சரி, வந்தா சொல்லிடு பாய், காத்து இல்ல” என்று வைப்பார்.

கொஞ்ச நாள் கழித்து, மாப்பிள்ளையின் தோளைப் பார்த்துவர நான் மட்டும் போனேன். பாய் கடையில் சித்தப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். போன் அடித்தது. பாய் எடுத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா டீ கிளாஸை இறக்காமலே வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“இப்பதான் எழுந்து போனாரு” என்றார் பாய்.

என்னால் நிமிர முடியவில்லை. சித்தப்பாதான் பேசினார்.

“கோவம்லாம் இல்லடா. உங்கப்பாகிட்ட இதச் சொல்லாத.” கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். “அவரு சொன்னா நான் நம்பிடுவேன்டா. அதான்.”

நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சித்தப்பா பழையபடி மீனோடு வந்தார், அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசினார். கடலைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. அப்பா போன் செய்வதையும் விடவில்லை. வருஷக்கணக்காகத் தினமும் பாயிடம் வானிலை சொன்னார். ரிடையர் ஆன பிறகும் அதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டார். பாயும் ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளாமல் சொல்லிவிடுவதாகச் சொன்னார். இப்போது மாப்பிள்ளையின் பையன் கடலுக்குப் போகிறான். காற்று வருவதற்கு முன்னே அவன் போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. நல்ல விஷயம், ஆண்டவருக்கு நன்றி. அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியபோது பாய் கடையை இடித்துவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மாலை அப்பா எண்ணைச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் தமிழில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி, மறுபடி தமிழில் சொன்னது. அப்பா அதை முழுசாகக் கேட்டார். பிறகு, “நாளைக்கி மழை கீதாம்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.