வெங்காய அறையின் விலாசமும் ஆண்டவர் தந்த அறையும்

சென்ற வருடம் நம் சபையில் நான் சொன்ன சாட்சி பொய். அதைத் திருத்தத்தான் நம் சபை இதழில் இதை எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன். அந்தக் கோபத்தையும் ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீடு வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. அப்பா இல்லை. அம்மா கொழுந்து எடுக்கிறார். நான் படவரைஞர் பயிற்சி முடித்து, ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வீட்டு வரைபடம் போடுகிறேன். தங்கை ஜெனிட்டா சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தாள். நான் வரைந்த படிக்கட்டில் ஒரு படி குறைவதைக் கண்டுபிடிப்பவள் அவள். பொறியியலாளராக வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான்.

அதனால் பாடசாலையை முதலில் தெரிவு செய்து, பிறகு வீட்டைத் தேடுவது என்று முடிவு செய்தேன். ஒரு அட்டவணை போட்டேன். கணிதப் பிரிவு இருக்கிறதா? ஆசிரியர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா? பக்கத்தில் வாடகை வீடு உண்டா? ஒரு பாடசாலையில் பிரிவு இருந்தது, பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. இன்னொன்றில் ஆசிரியர் இருந்தார், வெளிப்பிள்ளைகளுக்கு இடமில்லை. மிஞ்சியது ஹட்டன் பக்கம் ஒன்று. பாடசாலை அதிபர் ஜெனிட்டாவின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விலாசத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"தோட்டத்துலேருந்து வர்ற புள்ளைங்க பாதியில நின்னுருதுங்கம்மா. நடந்து வர்ற தூரத்துல வீடு இருந்தா எழுத்துல கொண்டாங்க. சேத்துக்கிறேன்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் பக்கத்து முதல் பஸ் ஹட்டனுக்கு வரும்போது பாடசாலையில் முதலாம் பாடம் முடிந்திருக்கும். ஆனால் அம்மாவால் தோட்டத்தை விட்டு வர முடியாது.

"நான் வேலைய விட்டா பேர வெட்டிருவாங்க. காம்பராவும் போயிரும். நாளைக்கி வாடகைக்காரன் வெரட்டினா எங்கடி போறது?" என்றார். ஆகவே நானும் தங்கையும் மட்டும் தங்க ஒரு அறை தேவைப்பட்டது.

ஏழு வீடு ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தத் தோட்டம்?" எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

"தோட்டத்து ஆளுங்களுக்குக் குடுக்குறதில்லம்மா. சனிக்கெழமையானா சொந்தக்காரங்க மூட்ட முடிச்சோட வந்து எறங்கிருவாங்க."

"ஆம்பளத் தொண இல்லாம ரெண்டு பொம்பளப் புள்ளைங்களா? வேணாம்மா."

மூன்று வீட்டுச் சுவரில் வேத வசனம் தொங்கியது. அதில் ஒரு வீட்டு அக்கா ஞாயிறு தோறும் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவர். "ஒங்களுக்காக ஜெபிக்கிறேன்மா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நான் கேட்டது அறை.

ஏழாவது வீட்டிலிருந்து இறங்கும்போது மழை. பஸ் நிலையத்தில் ஜெனிட்டா சொன்னாள்: "நான் ஆர்ட்ஸே படிக்கிறேன்க்கா. விடு."

"வாய மூடு."

"ஏன், ஆர்ட்ஸ் படிச்சா மனுசி இல்லியா?"

"மனுசிதான். நீயா ஆசப்பட்டுப் படிச்சா மனுசி. அவனுங்க தள்ளி விட்டுப் படிக்கக்கூடாது."

அங்கேயே நின்று ஜெபித்தேன். கண்ணை மூடவில்லை. 'ஆண்டவரே, இந்த ஊரில் உம்முடைய வார்த்தையைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். உம்முடைய பிள்ளைகளை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். இது உமக்குச் சரியா?' அதுவரை நான் அப்படி ஜெபித்ததே இல்லை.

மறுநாளே சபையைச் சேர்ந்த ஒரு கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். கடைக்கு மேல் உள்ள அறையில் எங்களை வாடகைக்கு வைத்திருப்பதாகக் கடிதம் தருவதாகச் சொன்னார். கடிதம் மட்டும்தான். அறை நிறைய வெங்காய மூட்டை. நான் வாங்கிக்கொண்டேன். அதிபர் சேர்த்துக்கொண்டார். ஜெனிட்டா இருட்டிலேயே எழும்பி, தோட்டத்திலிருந்து கொழுந்து ஏற்றும் லீவ்ஸ் லொறியிலும் ஆட்டோவிலுமாக மாறி மாறிப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சபையில் எழுந்து, "ஆண்டவர் எங்களுக்கு நகரத்தில் ஒரு விலாசம் கொடுத்தார்" என்று சாட்சி சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். கதவைச் சாத்திய அக்காவும் தட்டினார்.

கடைசி வரிசையில் இருந்த புஷ்பா மிஸ் தட்டவில்லை. ஜெனிட்டாவுக்கு இரசாயனவியல் எடுக்க மாற்றலாகி வந்தவர், அன்றுதான் நம் சபைக்கு முதல் தடவை வந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் வாசலில் என் கையைப் பிடித்தார்.

"வகுப்புப் பதிவேட்டுல ஒங்க விலாசத்தப் பாத்தேன். அந்தக் கடையிலயா இருக்கீங்க? நான் அங்கதான் வெங்காயம் வாங்குறேன். மூட்ட எறக்குனப்ப அந்த ரூமையும் பாத்தேன். அங்க பூனகூடப் படுக்க முடியாதே?"

கடிதத்தின் கதையை அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"வேற யாரும் சொல்றதுக்கு முன்ன நீங்களே போயி அதிபர்கிட்டச் சொல்லிருங்க. நானும் கூட வர்றேன்."

திங்கட்கிழமை போனோம். சொன்னேன். அதிபர் மேசையில் தட்டினார். "பொய்க் கடிதமா? சர்ச்சுக்குப் போற புள்ள செய்ற வேலையா இது?"

"தப்புத்தான் சேர். ஆனா உண்மையான விலாசத்தக் குடுத்தப்ப நீங்க சேக்கல. பொய் விலாசத்தக் குடுத்தப்ப சேத்தீங்க. அவ பெறுபேறு ரெண்டு தடவையும் ஒண்ணுதான்." பிறகு ஏழு வீட்டையும், ஏழு பதிலையும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் உயரவில்லை.

அவர் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு கெழமை தர்றேன். அதுக்குள்ள உண்மையான வீடு கெடைக்கணும்."

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பௌர்ணமிப் போயா தினத்தன்று அவருக்கும் விடுமுறை. பகல் சோற்றுக்கு முன் மூவரும் காம்பராவில் முழங்காலில் நின்றோம். அம்மாதான் ஜெபித்தார். "ஆண்டவரே, இதுக பொய் சொல்லிருச்சுக. மன்னிச்சிரும். ஆனா இதுகளச் சொல்ல வச்சவங்களையும் நீர் கேக்கணும். எம்புள்ளைங்களுக்கு ஒரு காம்பரா குடும்." ஆமென் சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது.

கெடு முடிய மூன்று நாள் இருக்க, பதினோராம் நாள் புஷ்பா மிஸ்ஸிடமிருந்து அழைப்பு. அவர் தங்கியிருக்கும் வீட்டில் பக்கத்து அறைப் பெண்ணுக்கு அன்று காலை இடமாற்றக் கடிதம் வந்திருந்தது. ஓடினேன். வீட்டுக்காரர் குசும் ஆன்ட்டி, சிங்களப் பெண்மணி, தனியாக இருப்பவர். கதவைத் திறந்ததும் கேட்டார்: "எந்தத் தோட்டம்?"

எட்டாவது வீடும் இதுதானா என்று எனக்குக் கொதித்தது. சொன்னேன், வெடுக்கென்று.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க போறதுக்குப் பின்னேரம் பஸ் எத்தன மணிக்கி? வெள்ளிக்கெழம தங்கச்சிய ஸ்கூல்லேருந்து நேரா பஸ்ஸுக்கு அனுப்பு. அம்மா பாவம், பாத்துக்கிட்டு இருப்பாங்க. துவ, ரூம் உள்ளுக்கு வந்து பாரு." துவ என்றால் மகள்.

அந்த வாசலில் நான் நன்றி சொன்னது ஆன்ட்டிக்கா ஆண்டவருக்கா என்று எனக்கே தெரியவில்லை. இருவருக்கும் சேர்ந்திருக்கும்.

ஜெனிட்டா இப்போது எட்டு நிமிடம் நடந்து பாடசாலைக்குப் போகிறாள். முதல் தவணைப் பரீட்சையில் இணைந்த கணிதப் பாடத்தில் வகுப்பில் இரண்டாவது. முதலாவது வந்த பையனைப் பற்றி வீட்டில் அவள் பேசுவதை இங்கே எழுத முடியாது. அம்மா தோட்டத்தில்தான். சனிக்கிழமைகளில் அவர் வருகிறார், மூட்டை முடிச்சோடுதான். ஆன்ட்டிக்குக் கீரையும் கொண்டுவருகிறார்.

என்னிலும் இரண்டு காரியம் மாறியது. கிடைத்ததையெல்லாம் பதில் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டவரிடம் மரியாதைக்காகக் கோபத்தை மறைப்பதும் இல்லை. எங்கள் பொய்க்காக அவர் எங்களைத் தள்ளவில்லை. பொய்யிலேயே எங்களை விட்டுவிடவும் இல்லை. உங்களுக்கும் வாசல்கள் மூடியிருந்தால், அவரிடம் கத்தியாவது கேளுங்கள். நல்ல வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த இதழ் சுவரில் வசனம் தொங்கிய அந்த மூன்று வீட்டுக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு வீட்டில் 'வாடகைக்கு' என்ற பலகை இன்னும் தொங்குகிறது. உங்களை நான் மன்னிக்க முயல்கிறேன். இன்னும் முடியவில்லை. யாருக்கு அறை கொடுத்துப் பலகையைக் கழற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது சுலபமாகலாம்.

குசும் ஆன்ட்டி வீட்டில் மூன்றாவது அறை மாதக் கடைசியில் காலியாகிறது. ஆளைத் தேடும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார். தோட்டத்திலிருந்து உயர்தரத்துக்கு வரும் பெண்பிள்ளை இருந்தால், ஆராதனைக்குப் பின் என்னிடம் வாருங்கள். கடிதம் எதுவும் வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அறையை அவள் பார்க்கட்டும், பிடித்திருக்கிறதா என்று அவளே சொல்லட்டும்.