முதலாம் ஷை

பரீட்சைக்குப் பேர் கொடுக்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் சொந்தக்காரர்கள் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறார்கள். பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு ஓடவில்லையாம், மொழி பிடிபடவில்லையாம். விசர்க் கதை! என் தங்கைக்குப் படிப்பு ஓடாத ஒரு நாளை நான் கண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நானும் அவளும் சுவிஸில், பீல் நகரத்தில், ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் இருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது, அவளுக்குப் பதினேழு. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில். நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்தும் வரிசையில் வேலை செய்தேன். அவள் பதினாலு வயதில் ஒரு சொல் பிரெஞ்சு தெரியாமல் வந்திறங்கி, ஒன்றரை வருடத்தில் அதைப் பிடித்து, ஜிம்னாஸ் என்று இங்கே சொல்லும் மேல் பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைகள் மட்டும் படிக்கிற இடம் அது. எங்கள் ஆட்களில் அப்போது வேறு ஒருவரும் அங்கே இல்லை. அவளுக்குக் கணக்குத்தான் உயிர். டொக்டர் வேண்டாம், எஞ்சினியர் வேண்டாம், கணக்கே படிக்க வேண்டும் என்பாள். "கணக்குப் படிச்சவளை ஆரடி கட்டுவான்?" என்று நான் பகிடி பண்ணுவேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, எங்கள் அகதி விண்ணப்பத்தைத் தவிர. மூன்று வருடமாக முடிவு வரவில்லை. மேல்மாடியில் இருந்த எங்கள் ஊர்க் குடும்பத்துக்கு ஒருநாள் கடிதம் வந்தது, இன்ன திகதிக்குள் நாட்டை விட்டுப் போ என்று. அந்த மனுசி படிக்கட்டில் இருந்து அழுததை நான் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் தபால்பெட்டியைத் திறப்பேன். நாளைக்கு எங்களையும் அனுப்பினால் இவளுடைய படிப்பு அரைகுறையில் நிற்கும். அங்கே போய் எந்த மொழியில், எந்த வகுப்பில் தொடங்குவாள்? எனக்கு வேறு யோசனையே இல்லாமல் போனது.

அந்த நேரத்தில்தான் அவளுடைய கணக்கு மாஸ்ரர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். தலை நரைத்தவர், சைக்கிளில் வருகிறவர், ஆறி அமர்ந்து பேசுகிறவர். என்னுடைய பிரெஞ்சு தொழிற்சாலைக்கு வெளியே செல்லாது என்பதால் தங்கைதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள்.

"இவவுக்கு இஞ்ச இன்னும் இரண்டு வருசம் இருக்கத் தேவையில்லையாம். இவ எண்டு என்னைத்தான் சொல்லுறார்," என்று மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

விசயம் இதுதான். அரசாங்கம் நடத்தும் பொதுப் பரீட்சை ஒன்று உண்டு. எங்கள் ஏ-லெவல் மாதிரி. மத்தூரா என்பார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் வரை இருக்காமலே ஒருவர் நேரே போய் அதை எழுதலாம். சித்தியடைந்தால் பல்கலைக்கழகம். ஆனால் அப்படிப் போகிற பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்து இடத்தை விட்டுவிட வேண்டும், பிறகு திரும்பி வர முடியாது. முழுதாக ஒரு வருடம் ஆயத்தம் செய்துவிட்டு எழுதினால் போதும், சனிக்கிழமைகளில் நானே சொல்லிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம் என்றார் அவர்.

"இரண்டு தரம்தான் எழுதலாமாம் அக்கா. அதுக்கு மேல இல்லையாம்."

"இரண்டு போதும்," என்றேன் நான்.

எங்கள் ஊரில் ஏ-லெவலை மூன்று தரம் எழுதலாம். ஒவ்வொரு தரத்தையும் ஷை என்போம். முதலாம் ஷை என்பது சும்மா போய் எட்டிப் பார்ப்பது. மண்டபம் எப்படி, கேள்வி எப்படி வளைக்கிறான், எந்த இடத்தில் நேரம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து, இரண்டாம் ஷைக்குத்தான் உண்மையாகப் படிப்போம். இடையில் பேப்பர் பிழைத்தால் எழும்பி வந்துவிடுவோம், வெட்கம் ஒன்றுமில்லை. நானே மூன்று ஷையும் எடுத்தவள். மூன்றாவதில் கொஞ்சப் புள்ளியால் கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், போகவில்லை, அது வேறு கதை.

ஆகவே எனக்குக் கணக்குச் சுலபமாக இருந்தது. ஒரு வருடம் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆறு மாதத்தில் ஒரு பரீட்சை வருகிறதே. அதை முதலாம் ஷையாக எடுக்கட்டும். மாஸ்ரர் சொன்ன அந்த ஒரு வருடப் பரீட்சையை இரண்டாம் ஷையாக எடுத்து வெளுத்து வாங்கட்டும்.

"மாஸ்ரரிட்டச் சொல்லவோ?" என்று கேட்டாள்.

"வாயைத் திறக்காதை. பரீட்சைக்கு முன்னம் ஊருக்குச் சொன்னால் நாவூறுதான் படும்."

"அவர் ஊரே, அக்கா?"

"எல்லாரும் ஊர்தான். பேசாமல் இரு."

அவள் பேசாமல் இருந்தாள். படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். பள்ளிக்கூடத்து இடத்தை விட்டாள். சனிக்கிழமை தோறும் பின்னேரம் அந்த மனிதர் வந்து எங்கள் குசினி மேசையில் இருந்து சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருடத்துக்கென்று நினைத்துச் சொல்லிக் கொடுத்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றேன்.

பேர்ணில் பரீட்சை. லீவு போட்டுவிட்டு நானும் ரயிலில் போனேன். கணக்கைச் சுகமாகச் செய்துவிட்டுச் சிரித்தபடி வந்தாள். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கட்டுரை. நாலு மணித்தியாலப் பேப்பர். ஒரு மணித்தியாலத்தில் வாசலில் நிற்கிறாள்.

"என்னடி?"

"வரலாறும் சேர்த்துக் கேட்டிருக்கிறாங்கள். படிக்கேல்லை. வெள்ளையா வச்சிட்டு, கேள்வி எல்லாத்தையும் பாடமாக்கிக் கொண்டு வந்திட்டன்."

"கெட்டிக்காரி!" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அங்கேயே ஸ்டேஷனில் வைத்து எழுதச் சொல்லி, ஒரு கேள்வி விடாமல் வாங்கிக்கொண்டேன். எனக்கு வந்த சந்தோசத்தை நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை அவள் அந்தத் தாளை மாஸ்ரரிடம் காட்டினாள். இப்படிக் கேள்வி வந்தால் எப்படி எழுதுவது என்று கேட்டாள். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இது எங்கே கிடைத்தது என்றார். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னாள். ஷை என்றால் என்ன என்பதையும் சொன்னாள்.

அவர் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தங்கை உடனே மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லு," என்றேன்.

"இஞ்ச முதல் தரம்தானாம் எழுதுற தரம். இரண்டாவது, காய்ச்சல் வருத்தம் வந்தவைக்கும் கை பிழைச்சவைக்கும் வச்சதாம். எனக்கு இப்ப பிழை விடுறதுக்கு ஒரு தரமும் இல்லையாம்."

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல். இரண்டு என்றால் இரண்டுதானே, அதில் என்ன முதலாவது, இரண்டாவது என்று சத்தம் போட்டேன். தங்கை அதை மொழிபெயர்க்கவில்லை. அவர் திங்கட்கிழமையே பள்ளிக்கூடத்து அதிபரிடம் போய் அவளுடைய இடத்தைத் திருப்பிக் கேட்டார். விதி விதிதான் என்று அதிபர் சொல்லிவிட்டாராம்.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். பரீட்சை என்றால் பயப்படாத பிள்ளை. சின்ன வயதில் பேப்பர் தருகிற நாளில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிறவள். இப்போது செய்த கணக்கை அழித்து அழித்துச் செய்தாள். சாப்பாட்டைத் தள்ளி வைத்தாள். "பயப்பிடாதை பிள்ளை, இரண்டாம் ஷை இருக்கெல்லே" என்று நான் தேற்றப் போக, அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் குசினிக்குப் போய்விட்டேன். மாஸ்ரர் வாரத்தில் இரண்டு நாள் வரத் தொடங்கினார்.

இரண்டாம் தரம் பிரெஞ்சும் வரலாறும் நன்றாகவே செய்தாள். கணக்குப் பேப்பரன்று வெளியே வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. கடைசி இரண்டு கணக்கும் தொடவில்லை.

"தெரியாதோ?"

"தெரியும் அக்கா. வடிவாத் தெரியும். முந்திச் செய்ததில பிழை இருக்குமோ எண்டு திரும்பத் திரும்பப் பாத்தன். மூண்டு தரம் பாத்தன். மணி அடிச்சிட்டுது."

கணக்கில்தான் போனது. மூன்று புள்ளியால்.

முடிவு வந்த கிழமை மாஸ்ரர் வீட்டுக்கு வந்தார். தங்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் நானும் அவரும் குசினியில் இருந்தோம். அவர் எனக்கு விளங்கட்டும் என்று சொல்லுச் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். அந்தப் பரீட்சையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது, பிழை என்னுடையது என்றார். எனக்கு விளங்கியது. இல்லை, பிழை உங்களுடையது இல்லை என்று சொல்லுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சும் தெரியும். நான் சொல்லவில்லை. அவருடைய பிழையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இவ்வளவு வருடத்தில் நான் செய்த காரியங்களிலே இதுதான் மிகக் கேவலமானது. பரீட்சை விசயம் அறியாமல் செய்தது. இது அறிந்து செய்தது.

மார்கழியில் அவளை என் தொழிற்சாலையிலேயே சேர்த்துவிட்டேன். மணிக்கூட்டு முகப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மேற்பார்வையாளர் என்னிடம் வந்து புகழ்ந்தார். நான் நன்றி சொன்னேன்.

அடுத்த வருட நடுப்பகுதியில் எங்கள் முடிவு வந்தது. கனத்த உறை. வேலையால் வந்த கையோடு நான் பிரித்துப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் அவளிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே முதல் பக்கத்தை வாசித்தாள், இரண்டாவது பக்கத்தையும் வாசித்தாள்.

"என்னவாம்? சொல்லனடி!"

"இருக்கலாமாம் அக்கா. இரண்டு பேருக்கும் பெர்மிட் தருகினமாம்."

நான் "என்ர அம்மாளாச்சி" என்று கத்திக்கொண்டு சாமிப்படத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். அழுதேன், சிரித்தேன், கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவி வந்து கதவைத் தட்டும் வரை சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது தங்கை கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கடைசி வருடத்தை முடிக்கிற மாதம் அது.

"அப்ப அவசரப்படாமல் ஆறுதலாப் படிச்சிருக்கலாம், என்னக்கா," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கேள்வியாகவும் கேட்கவில்லை. நான் "ஓம்" என்றேன்.