பெயர் இல்லாத மாத்திரைகள்

அந்தக் காகிதக் கவர் என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். மேலே பேனாவால் இழுத்த கோடுகள்: காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக மெடிக்கல்காரர் கண்டுபிடித்த முறை என்று எங்கள் தெருவில் அதற்கொரு புகழ். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து உதிரியாகத்தான் போடுவார். ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், மிளகளவில் ஒரு ரோஸ். எதிலும் பெயர் இருக்காது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா கவரை நீட்டி, "என்னென்ன மாத்தரைன்னு படிச்சுச் சொல்லு அம்மணி" என்றார். படிக்க அதில் ஒன்றுமே இல்லை.

பல்லடம் பக்கத்தில் அப்பா தறி ஓட்டினார். இரண்டு நாள் படுத்துவிட்டால் முதலாளி தறிக்கு வேறு ஆளை நிறுத்திவிடுவார். அதனால் எங்கள் தெருவில் யாரும் காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில்லை. "தறிக்குப் போற மாதிரி ஒரு செட்டு மாத்தரை குடுங்க" என்றுதான் கேட்பார்கள். மெடிக்கல்காரரும் அப்படித்தான் கொடுத்தார். காய்ச்சலைக் குணப்படுத்துவது அவர் வேலையல்ல. ஆளை எழுப்பி நிறுத்துவதுதான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஃப்ளூ காய்ச்சல் தெருவையே சுற்றியது; அப்பாவும் படுத்தார். நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அந்த ரோஸ் மாத்திரை மேல் எனக்குச் சந்தேகம். கடைக்குப் போனேன்.

"ஏனுங்க, அப்பாவுக்குக் குடுத்ததுல அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டுங்களா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "டாக்டருக்குப் படிக்கறீங்களா அம்மணி?"

"நர்சிங்குங்க."

"அப்படிங்களா! ஊசில எது முனைன்னு சொல்லிக் குடுத்துட்டாங்களா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் அவமானத்தையும் மரியாதையாகத்தான் கொடுப்பார்கள். அவர் விடவில்லை. "உங்கப்பாவுக்குக் காச்சல் எறங்கோணுமா, மாத்திரைக்குப் பேரு தெரியோணுமா? சொல்லுங்க, ரெண்டுல ஒண்ணு."

வீட்டுக்கு வந்தேன். அன்று எனக்கு வலித்தது என் படிப்பைக் கேலி செய்ததுதான்; அப்பாவின் நெஞ்சை நான் நினைக்கவில்லை. கவரைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். முகம் சிவந்து மூலையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா மூன்றையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் எழுந்துவிட்டார். "பாத்தியா? கைராசிக்காரரு" என்று எனக்குச் சொல்லிக்காட்டிவிட்டுத் தறிக்குடோனுக்குக் கிளம்பினார். பஞ்சுத்தூசிக்குள் மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் திரும்பியது. சளி துரு நிறத்தில் வந்தது. அப்போதும் அம்மா ஓடியது அதே கடைக்குத்தான். இன்னொரு செட்டு வாங்கி வந்தாள். அதற்கடுத்த நாள் அப்பாவால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "தண்ணி" என்பார், மூச்சு வாங்குவார், "குடு" என்பார்.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார். அடங்கின காய்ச்சல் திரும்பி வந்தால் அது புதுக் காய்ச்சல் அல்ல, நெஞ்சுக்குள் இறங்கியதன் அடையாளம் என்றார். ஸ்டீராய்டு காய்ச்சலையும் உடம்பு வலியையும் மறைத்திருக்கிறது, எதிர்ப்புச் சக்தியையும் குறைத்திருக்கிறது. "முதல் ரெண்டு நாளுக்குள்ள வந்திருக்கலாமேம்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் நர்சிங் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

மெடிக்கல்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். "எல்லாம் பஞ்சுத் தூசிங்க. அதான் போயி அடைச்சுப்போட்டுது" என்றார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் இருந்த அப்பா, ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி அவரைக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதை வாங்கிக்கொண்டவரையும்.

அப்பா பிழைத்தார். நுரையீரல் பழையபடி ஆகவில்லை, தறி போய்விட்டது.

இப்போது நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஆண்டுதோறும் சண்டை பிடித்தாவது அப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட வைக்கிறேன். இந்த ஆண்டு ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. முதல் நாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். பஸ் ஸ்டாப்புக்குக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஏனுங்க, ஊசி போட்டும் வந்துருச்சுங்களா?" என்று மெடிக்கல்காரர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "வெறும் காச்சலுக்கு ஆஸ்பத்திரியா? வாங்க, ஒரு செட்டு தாரேன்."

அப்பாவின் கால் அந்தப் பக்கம் திரும்பியது. நான் கையைப் பிடித்து இழுத்தேன். தெருவே பார்த்தது, பார்க்கட்டும்.

அன்றே டாக்டர் ஃப்ளூவுக்கான மாத்திரையைத் தொடங்கினார். பெயரை அப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஐந்து நாளும் வேலையிலிருந்து வந்ததும் அவர் நெஞ்சைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினேன். காய்ச்சல் நான்காம் நாள் விட்டது. திரும்பவில்லை.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குப் போய்த் திரும்பும்போது மெடிக்கல்காரர் வாசலில் நின்றார். "அன்னைக்கே சொன்னனில்லீங்க, வெறும் காச்சல்தான்னு. பொண்ணு வீணா அலைய விட்டுப்போட்டுது."

"ஆமாங்க, லேசான காச்சல்தான்" என்று அப்பா சிரித்தார்.

நடக்காமல் போன ஒன்றைக் காட்டி நான் யாரிடம் வாதாட முடியும்? நிமோனியா வந்ததிலிருந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அப்பா எப்போதும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார்: பால் சொசைட்டி முன்னால் ஒருமுறை, வேப்பமரத்தடியில் ஒருமுறை. அன்றும் இரண்டு இடத்தில்தான் நின்றார். மூன்றாவது இடம் எதுவும் இல்லை.