தலையணை எழுத்து

தெரிந்தவர்கள் எல்லாம் அவனைக் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒட்டடைக் குச்சிதான். குண்டாக இருந்தது அவன் வரைந்த எழுத்து. அச்சகத்து மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு வருஷம் வரைந்த எழுத்துரு அது. தேடினாலும் ஒரு மூலை கிடைக்காது, ஒரு கூர்முனை கிடைக்காது. அக்கா தையல் மெஷின்மேல் ஊசி குத்தி வைக்கிற பஞ்சு உருண்டையைப் பார்த்துத்தான் அந்த உருட்சி அவனுக்குப் பிடிபட்டது. பொம்மைப் பெட்டி, சோப்பு உறை, பலூன் பொட்டலம் என்று எங்கே பார்த்தாலும் அந்த எழுத்து கொழுகொழுவென்று சிரித்தது. அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தச் சமயத்தில்தான் அக்கா சொந்தமாகத் தையல் கடை போட்டாள். பதினாறு வருஷம் யாரோ ஒருவர் கடையில் குனிந்து தைத்தவள். பெயர்ப்பலகைக்குத் தம்பியை விட்டால் வேறு யாரைக் கூப்பிடுவாள்?

பலகை மாட்டிய மூன்றாம் நாள், சாலைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"டேய், அங்கேருந்து பார்த்தா ஒண்ணும் புரியலடா. எழுத்துக்குள்ள இருக்கிற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு. கொஞ்சம் இளைக்க வையேன்."

"உனக்குத் துணி தெரியும், எனக்கு எழுத்து தெரியும். இளைச்சா அது என் எழுத்தே இல்லக்கா."

"ஒருத்தர் உள்ள வந்து, தலையணை இருக்கான்னு கேட்டுட்டுப் போறாருடா!"

"ரெண்டு வாங்கி வித்துட வேண்டியதுதானே?"

அக்காவும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பி மனசு நோகுமென்று பலகையை மாற்றவும் இல்லை. அவன் கெட்டவன் இல்லை, பிடிவாதக்காரன், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ ஒன்றே போதுமானதாக இருந்தது.

அந்தத் தெருவுக்கு ஜனம் என்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான். நின்றார்கள், பார்த்தார்கள், ஏறிப் போனார்கள். ஒன்றரை வருஷத்தில் அக்கா கடையைப் பூட்டினாள்.

"இப்ப எல்லாரும் ரெடிமேடுதானேடா வாங்குறாங்க" என்றாள். அவனும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

மெஷினை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஸ்கூட்டர் பழுதாகிக் கிடந்ததால் பஸ் பிடிக்க எதிர்ப்புறம் போனான். அதுநாள்வரை ஸ்கூட்டரில் கடை வாசலிலேயே வந்து இறங்கியவன். வரையும்போதும் ஓர் எழுத்து கணினித் திரை முழுக்க இருக்கும்படி வைத்துத்தான் வரைந்தான்; தூரத்தில் வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. நிறுத்தத்தில் நின்று திரும்பினான். பலகையில் கறுப்புத் தலையணைகள் வரிசையாகக் கிடந்தன. வரைந்தவனுக்கே வாசிக்க வரவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டான். அடுத்ததையும் விட்டான்.

பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தின் வயிற்றையும் திறந்துவிட்டான். அதே பலகையைத் துடைத்து, புதிதாக எழுதி, அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். அவள் மறுபடியும் அந்தப் பழைய கடைக்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவனைப் பலகையோடு வீட்டு நடையின் உள்கோடியில் நிற்கச் சொல்லி, பின்பக்கமாகவே நடந்து தெருவாசல்வரை போய்ப் பார்த்தாள்.

"இப்ப நல்லாத் தெரியுதுடா, தம்பி."

கிட்டே வந்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

"எங்கடா மாட்டுறது?"

பலகையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அவன் பிடித்துக்கொண்டே நின்றான்.