அணியம் உயர்ந்த கார்

அளம்பில் கரையில் மெல்ரொன் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. கதிரையில் இருந்தால் அவனுடைய முழங்கால் ஆடும். அந்த ஆட்டத்திலேயே மேசையில் இருக்கும் தேத்தண்ணியில் சீனி கரைந்துவிடும், கரண்டி தேவையில்லை என்று அவனுடைய மாமி யூலிற்றா சொல்லுவா. நான் பார்த்த அன்றைக்குப் பாதிச் சீனிதான் கரைந்திருந்தது. யூலிற்றா கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவ, நான் அப்படியில்லை.

மீன்பிடிக்கப் படகில் ஏறினால் மட்டும் அவன் அடங்குவான். மனைவி நிறஞ்சனாவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது அந்த அடக்கமும் போயிற்று. பிள்ளை கீழே இறங்கிக் கிடக்கிறது, குலுக்கம் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனிடம் இருந்ததோ ஒரு பழைய ஜப்பான் கார். குலுக்கத்தைத் தாங்கவேண்டிய சொக் நான்கும் எண்ணெய் கக்கி ஓய்ந்துபோனவை. ஒரு குழியில் விழுந்தால் அடுத்த குழி வரும்வரை கார் துள்ளிக்கொண்டே போகும். அவர்கள் வீட்டிலிருந்து தார் போட்ட காப்பெற் றோட்டுக்கு வரும் கிறவல் பாதையில் அடுத்த குழிக்குப் பஞ்சமும் இல்லை. அதில் ஒன்றில் ஒரு தாரா குஞ்சு பொரித்து, குஞ்சுகள் நீந்தப் பழகி, வளர்ந்து, வேறு குழிக்குக் குடிபெயர்ந்ததை நானே கண்டேன்.

பழையபடி நாலு சொக் வாங்கிப் பூட்டியிருக்கலாம். ஆனால் மெல்ரொன் கைத்தொலைபேசியில் கொயிலோவரைக் கண்டுவிட்டான். ஸ்பிறிங்கும் சொக்கும் ஒன்றாய்ச் சேர்ந்து, வளையத்தைத் திருகினால் காரை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய சாமான் அது. அதன்பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே வாகனம் நின்றாலும் மூலையில் கையை ஊன்றி அமத்தி, எத்தனை தரம் ஆடுகிறது என்று பார்த்தான். ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து நிற்கும் நேரத்தில் அவன் வெளியே பங்குச் சுவாமியின் ஜீப்புக்கு அடியில் கிடந்தான்.

"என்னப்பா, பிள்ளை எனக்கோ உங்களுக்கோ?" என்று நிறஞ்சனா கேட்டாள். "நானே இப்பிடி உலாவேல்லை."

"எனக்கு ஒண்டுமில்லை," என்று சொல்லிக்கொண்டே அவன் முற்றத்தை இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

கடைசியில், அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்தபோது, கிளிநொச்சியில் தவராசாவின் கராச்சுக்குப் போனான். அங்கே இரண்டு செற் இருந்தன. ஒன்று செக்கச் சிவப்பு. மற்றது அடுப்பில் இருந்து எடுத்த சட்டி மாதிரிக் கறுப்பு. மெல்ரொனின் கை சிவப்பில் இருந்தது.

"அது வடிவுதான்," என்றார் தவராசா. "ஸ்பிறிங் அலவாங்கு மாதிரி விறைப்பு. றேஸ் ஓடப்போறீங்களோ?"

"இல்லை அண்ணை. கிளினிக்குக்கு."

"அப்ப அதை வையுங்கோ. அதில காரை இறக்கினா சொக் மடங்க இடமிருக்காது. பிறகு குழிக்குக் குழி உங்கட மனிசிதான் மடங்கவேணும்."

மெல்ரொன் கையை எடுத்தான். கண்ணை எடுக்கவில்லை.

"கறுப்பு மெத்தெண்டு இருக்கும்," என்று அவர் தொடர்ந்தார். "கீழ் வளையத்தைத் திருப்பி உயரத்தை மாத்தலாம், சொக் ஓடுற இடம் குறையாது. ஆனா கனக்க இறக்கினா டயர் மட்காட்டில முட்டும். நான் வைச்சுத் தாற உயரத்தில விடுங்கோ. உங்கட பக்கம் உப்புக்காத்து. கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில கழுவிக் கிறீஸ் பூசுங்கோ, இல்லாட்டி வளையம் இறுகிப்போம்."

கறுப்பைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டவன் பரந்தன் சந்தியில் காரைத் திருப்பிப் போய், சிவப்பை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டுக்கு வந்து மணலில் குந்தியிருந்து காரைப் பக்கவாட்டில் பார்த்தான். முன்னும் பின்னும் ஒரே மட்டம். அது அவனைக் குடைந்தது. அணியம், அதுதான் படகின் முன்பக்கம், அது உயர்ந்து, இயந்திரம் பூட்டிய கடையார் தாழ்ந்திருந்தால்தானே படகு அலையை ஏறி மிதிக்கும்? மட்டமாய்ப் போகிற படகு மூக்கைக் குத்திக்கொள்ளும். காரைக் கடற்கரை மீன்வாடிக்குக் கொண்டுபோய் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் காட்டினான். அத்தனை பேரும் தலையைச் சரித்துப் பார்த்து, "கடையாரை இறக்கு," என்றார்கள். ஒருவருக்கும் மாறுகருத்து இல்லை. மெல்ரொன் வளையம் திருகும் சாவியை எடுத்துப் பின்வளையங்கள் இரண்டையும் இறங்கும் மட்டும் இறக்கினான்.

கார் முன்பக்கம் எழும்பி நின்றது, சவாரிக்குப் புறப்பட்ட மாடு மாதிரி. லைற்றைப் போட்டால் வெளிச்சம் றோட்டில் விழாது. பனை வட்டில் தூங்கிய காகங்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து பறந்தன. சந்தோசத்தில், எல்லோரும் பார்க்கட்டும் என்று காரை இரண்டு கிழமை வாடியிலேயே விட்டு வைத்தான். கழுவுவதும் கிறீசும் ஞாபகத்தில் இல்லை.

நிறஞ்சனாவை ஏற்றமுதல் ஒருதரம் பாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மாமியைக் கூப்பிட்டான்.

"என்னை ஐஸ்பெட்டி எண்டே நினைச்சீங்கள்?" என்று கேட்டாலும் யூலிற்றா பின் சீற்றில் ஏறி இருந்தா. முதல் குழியில் டயர் மட்காட்டில் உரஞ்சிக் கத்தியது. இரண்டாவதில் காரின் அடி நிலத்தில் குத்த, யூலிற்றாவின் தலை கூரையில் குத்தியது.

"தம்பி," என்றா அவ, கொண்டையை அமத்திக்கொண்டு, ஆறுதலாக. "அலை முன்னால வாறது கடலில. றோட்டில நாங்கள் பின்னால இருக்கிறம், அங்க தாழ்த்தினா இடிக்கத்தான் செய்யும்."

அவன் காரைத் திருப்பினான். வீட்டுக்கு வந்ததும் காருக்கு அடியில் புகுந்தான். வலது பின்வளையம் முனகி முனகித் திரும்பி, பழைய உயரத்துக்கு வந்தது. இடது திரும்பவேயில்லை. உப்பு அதை இறுக்கிவிட்டது. மண்ணெண்ணெய் விட்டான், சூடு காட்டினான், சுத்தியலால் தட்டினான், மாதாவுக்கு நேர்த்தியும் வைத்தான். தவராசாவுக்குப் போன் எடுத்தபோது, நாளைக்குக் கொண்டு வரச் சொன்னார். மழை அன்றைக்கே தொடங்கியது. அடுத்த நாள் காலையில் நிறஞ்சனா குசினி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "இஞ்சேருங்கோ, இண்டைக்குப் போல கிடக்கு," என்றாள்.

கார் இடப்பக்கம் பின்னால் சாய்ந்து நின்றது. ஓட்டோ பிடிக்கலாம் என்றான்; ஓட்டோ குலுக்குவதை நினைத்து அவனே வேண்டாம் என்றான். காரை இரண்டுதரம் சுற்றிவந்தான். மூன்றாம் சுற்றில் அவன் கால்கள் அடங்கி நின்றுவிட்டன. படகில் ஏறியவனின் முகம் வந்தது.

"நிறஞ்சனா முன்னுக்கு இரும். மாமி, எனக்குப் பின்னால, வலது பக்கம். இடது கடையாரில ஒரு சாமானும் வைக்கப்படாது."

வெள்ளம் நிரம்பியிருந்ததால் எது குழி, எது பாதை என்று தெரியவில்லை. நீரின் நிறத்தைப் பார்த்தே ஆழத்தைப் பிடித்து ஓட்டினான். குழி தப்பாத இடங்களில், "மாமி, சாயுங்கோ," என்பான். யூலிற்றா பாதி உடம்பை யன்னலுக்கு வெளியே விட்டு மழையில் தொங்குவா. இடது டயர் மட்காட்டைத் தொடாமல் எழும்பும். எதிரே வந்த ஒரு சைக்கிள்காரன் அதைக் கண்டு வெள்ளத்துக்குள் இறங்கிச் சிலுவை போட்டுக்கொண்டான் என்று சொல்கிறார்கள். அவன் சைவக்காரன்.

காப்பெற் றோட்டு வந்தது. கறுப்பு ஸ்பிறிங் சத்தமில்லாமல் ஓடியது. ஆஸ்பத்திரி வாசலில் நிறஞ்சனாவைத் தள்ளுகட்டிலில் ஏற்றினார்கள்.

"குலுக்கினதோ?" என்று அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டே கேட்டான்.

"கார் குலுக்கேல்லை," என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இந்தக் கட்டில்தான் குலுக்குது."

மெல்ரொன் குனிந்து பார்த்தான். சின்னச் சின்ன இரும்புச் சில்லு. ஸ்பிறிங் என்று ஒன்றும் இல்லை. முன்னால் நிலப்படி ஒன்று வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் ஏதும் கேட்கமுன், அவன் கால்மாட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அணியத்தை உயர்த்தவில்லை. தலைமாட்டைப் பிடித்துத் தூக்கிய மாமியைப் பார்த்து, "மட்டம், மாமி, மட்டம்," என்றான். கட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் படியைக் கடந்து உள்ளே போயிற்று.