அட்டை மறைத்த பதில்

போன் மூன்று முறை அடித்தது. இரண்டு முறை வெட்டிவிட்டேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது முறை எரிச்சலோடு எடுத்தால் பச்சையம்மாள்.

"ஏன் சார் கட் பண்ணிக்கினே இருக்கீங்க? ரோசலின் மேடம் எறந்துட்டாங்க சார்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கத் தோன்றியது அதுதான்.

"மணி தெரிஞ்சு இன்னா சார் பண்ணப் போறீங்க? பொறப்பட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரோசலினுக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. திண்டிவனத்து பிரிட்ஜ் கோர்ஸில் படித்தவர்களுக்கும், எங்களோடு அங்கே பாடம் எடுத்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அட்டை விஷயம் உங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதில் தப்பு செய்தவன் நான் என்பதால் நானே முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பிளஸ் டூ முடித்துச் சட்டப் படிப்புக்கு இடம் கிடைத்த, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகம் கோடையில் ஆறு வாரம் வகுப்பு நடத்தியது. பாடம் எடுத்தது சட்ட மேற்படிப்பு எம்.எல். படித்துக்கொண்டிருந்த ரோசலினும் நானும் இன்னும் சிலரும். கடைசி நாளில் ஒரு தேர்வு. அதில் தேறியவர்களுக்குத்தான் ஹாஸ்டல். ஹாஸ்டல் கிடைக்காவிட்டால், கல்லூரி இருக்கும் தூரத்துக்குப் படிப்பு அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, இரண்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு, அப்புறம் சட்டத்துக்கு வந்தவன். முதல் நாள் காலை நாற்பது நிமிஷத்தில் ஆறு வாரத்துக்கும் கால அட்டவணை போட்டு ஒட்டினேன். ரோசலின் பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்தார், அதைப் படித்தார், "நல்லா இருக்குங்க இன்ஜினியரே" என்றார். பிறகு அதில் இருந்த எதையும் செய்யாமல் அன்று முழுக்க ஒரே கேள்வியை நாற்பத்திரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்க வீட்ல கடைசியா கையெழுத்தோ ரேகையோ வெச்ச காயிதம் எது? நாளைக்கு அதோட நகல் எடுத்துக்கினு வாங்க."

மறுநாள் மேஜை நிறையக் காகிதம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கொடுத்த சம்மதக் கடிதம், பாகப்பிரிவினைப் பத்திரம், படகு லைசென்ஸ், காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய வாக்குமூலம். மரக்காணம் பக்கத்துப் பையன் ஒருவன் தன் அப்பா எதில் கையெழுத்துப் போட்டார் என்று அன்றுதான் படித்தான். ஒப்பந்தம், ஒப்புதல், சாட்சி எல்லாவற்றையும் அந்தக் காகிதங்களை வைத்தே நடத்தி முடித்தார். "சட்டம் புதுசா ஒண்ணும் வரல. உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில ஏற்கெனவே கெடக்குது. படிக்கத்தான் ஆளில்ல" என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் அட்டவணை வீணானதுதான் பிடிக்கவில்லை.

நேரம் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்தே வராது. நாலரைக்கு முடிய வேண்டிய வகுப்பை ஐந்தே முக்கால் வரை இழுப்பார். வானூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். ஒருமுறை எல்லார் எதிரிலும் கத்திவிட்டேன். "ஜல்தி பண்ணாதீங்க இன்ஜினியரே, புள்ளைங்க பேசிக்கினு இருக்குதுங்க இல்ல" என்றார், குரலை உயர்த்தாமல். பஸ்ஸை விட்ட பிள்ளைகளோடு அவரும் அடுத்த பஸ் வரும்வரை நிறுத்தத்தில் நின்றார். அது நியாயமா என்றால், இல்லை. சீக்கிரம் முடித்திருக்கலாம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தேர்வுத் தாள் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஐம்பது கேள்வி, சரியான பதிலுக்கு டிக். திருத்துவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். தாள் அளவுக்கு ஒரு தடித்த அட்டை, சரியான விடை வரும் இடங்களில் பெரிய ஓட்டை, மற்ற விடைகள் வரும் இடங்களில் சின்ன ஓட்டை. விடைத்தாள் மேல் அட்டையை வைத்து, பெரிய ஓட்டை வழியாகத் தெரியும் டிக்குகளை எண்ணினால் போதும். ஒரு கேள்விக்கு இரண்டு டிக் போட்டிருந்தால் பூஜ்யம்; அட்டையை எடுக்காமலே சின்ன ஓட்டைகளில் பார்த்து அதைக் கழித்துக்கொள்வேன். நாற்பத்திரண்டு தாளையும் அரை மணி நேரத்தில் முடித்தேன். வகுப்புக்குப் பொறுப்பான பேராசிரியர் பாராட்டினார். பட்டியல் ஒட்டப்பட்டது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் தவறியவள் பச்சையம்மாள். வளவனூர் தாண்டி ஒரு செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பம். பட்டியலைப் பார்த்தாள், யாரிடமும் எதுவும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் ரோசலின் விடைத்தாள் கட்டிலிருந்து அவள் தாளை மட்டும் உருவி என் முன்னால் வைத்தார். "வகுப்புல மொத ஆளா கை தூக்குற பொண்ணுங்க இது. பதினேழாவதைப் பாருங்க."

நிலத்தில் நிற்கும் பனைமரம் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்பது கேள்வி. என் விடை அசையாச் சொத்து. பச்சையம்மாள் இரண்டிலும் டிக் போட்டிருந்தாள்.

"ரெண்டு டிக். பூஜ்யம். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன்.

"ஓரத்துல இன்னா எழுதியிருக்குது?"

வலது ஓரத்தில், பொடி எழுத்தில், பென்சிலால்: 'நுங்குக்கு விட்ட மரம்னா அசையாது. சூளைக்கு வெட்ட வித்த மரம்னா அசையும். எதுக்குன்னு கேள்வியில இல்ல.'

சட்டம் சொல்வதும் அதுதான். பலனுக்காக நிற்கிற மரம் நிலத்தோடு சேர்ந்தது. வெட்டுவதற்கென்றே நிற்கிற மரம் அப்படி இல்லை. எம்.எல். படிக்கிற நான் ஒன்றைப் பாதி எழுதிக் கேள்வியாக்கியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பெண் மீதியை எழுதியிருக்கிறாள். நான் அதைப் படிக்கவே இல்லை, ஏனென்றால் என் அட்டை சரியாக அந்த ஓரத்தை மூடிக்கொண்டிருந்தது.

ரோசலின் கத்தரிக்கோலை எடுத்து அட்டையின் வலது பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டி எறிந்தார். "இப்ப வெச்சுப் பாருங்க."

நாங்கள் இருவரும் பேராசிரியரிடம் போனோம். ரோசலினுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். "ஒட்டின லிஸ்ட்டை மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்கம்மா. உன் தீசிஸ் வேலையைப் பாரு" என்றார்.

"வரட்டும் சார். கேள்வி தப்பு, அதுக்கு எல்லாருக்கும் மார்க் போடணும். போட்டுட்டு கூட்டிப் பாத்துட்டோம். மாறுறது ஒரு பேருதான். நீங்க மாத்தலன்னா அந்தப் பொண்ணுகிட்ட மனு எழுதி வாங்கி நானே கொண்டாந்து குடுப்பேன்."

வேண்டுமானால் என் கேள்விதான் தப்பு என்று எழுதியே தருகிறேன் என்றேன். பேராசிரியர் எழுதி வாங்கிக்கொண்டார். பட்டியல் மாறியது. ரோசலினின் ஆய்வேடு அப்புறம் எட்டு மாதம் அவர் மேஜையில் கிடந்தது. காரணம் வேறாக இருக்கலாம். ரோசலின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஹாஸ்டல் படிவத்தில் திங்கள்கிழமைக்குள் கையெழுத்து ஆக வேண்டும். சூளை மேஸ்திரி நம்பர் இருந்தது. போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்றேன்.

"போன்ல சொன்னா சீட்டு கெடச்சுதுன்னு வருவா. தான் எழுதினது சரின்னு தெரியாமலே வருவா. தப்பு பண்ணது நீங்க, நேர்ல வந்து சொல்லுங்க" என்றார்.

விழுப்புரம் போய் அங்கிருந்து வளவனூருக்கு பஸ், வளவனூரிலிருந்து ஷேர் ஆட்டோ, அதற்கப்புறம் நடை. பச்சையம்மாள் கையெல்லாம் களிமண்ணோடு அச்சில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தாள். அச்சைக் கீழே வைக்காமலே எங்களைப் பார்த்தாள். "இன்னா மேடம், இவ்ளோ தூரம்?"

ரோசலின் என்னைப் பார்த்தார். நான் கேள்வி அமைப்பில் உள்ள குறைபாடு, திருத்தும் முறையின் வரம்பு என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"இன்ஜினியரே, ஜல்தி. புள்ள வெயில்ல நிக்குது." என்னை அவர் அவசரப்படுத்தியது அந்த ஒரு தடவைதான்.

"நீ எழுதினது சரி. நான் அதைப் படிக்கல. தப்பு என்னுது" என்றேன்.

சூளை ஓரமாக எரிப்பதற்கு வெட்டிப்போட்டிருந்த பனந்துண்டுகளைக் காட்டி அவள் அப்பா கேட்டார்: "இதையா பரிச்சையில கேட்டீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

பச்சையம்மாள் சிரிக்கவில்லை. "இப்ப வந்தா சேத்துப்பீங்களா சார், இல்ல மறுபடியும் அட்டைய வெச்சுப் பாப்பீங்களா?"

ரோசலின் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பச்சையம்மாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து படிவத்தைக் கேட்டாள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பக்கமும் முழுதாகப் படித்தாள். ஓரத்தையும் சேர்த்து. நாங்கள் காத்திருந்தோம். எனக்கு அவசரமாக இல்லை.

இப்போது அவள் திண்டிவனம் கோர்ட்டில் வக்கீல். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில், சவப்பெட்டி தூக்க யார் நிற்பது என்று உறவினர்களுக்குள் பேச்சு தடித்தபோது, "மேடம் இருந்திருந்தா மொதல்ல ரெண்டு பக்கத்தையும் கேட்டிருப்பாங்க" என்று சொல்லி அமைதிப்படுத்தியதும் அவள்தான்.

வலது ஓரம் இல்லாத அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. எந்தத் தாளுக்கும் இனி பொருந்தாது. ரோசலினைக் கடைசியாகப் பார்க்கப் போயிருந்தபோது, ஊசி குத்திய கையை அசைக்காமல், "அட்டையை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "புதுசா ஒண்ணு செஞ்சிடாதீங்க. எனக்கு இப்ப கத்தரி புடிக்க முடியாது."

இன்று நான் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வேகமாகத்தான் திருத்துகிறேன், அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. ஆனால் பூஜ்யம் போடும் முன் ஓரத்தைப் பார்ப்பேன். அடக்கத்துக்கு மறுநாள் ஒரு தாளில் ஒரு விடை தப்பு, ஓரத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பூஜ்யம் போட்டேன். பிறகு நினைத்துக்கொண்டேன், ரோசலினாக இருந்தால் அந்த மாணவனைக் கூப்பிட்டு ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டிருப்பார், அவன் பஸ்ஸையும் விடவைத்திருப்பார்.

அந்தத் தாளை இன்னும் கொடுக்கவில்லை. திங்கள்கிழமை அவனைக் கூப்பிட்டுக் கேட்கிறேன்.